அழிப்பதற்கு முந்தைய பக்கம்

அந்த அலுவலகத்தில் அவளுக்குக் கேள்வியம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவள் அதிகம் பேசுகிறவளும் அல்லள். பிறர் காரியங்களைத் துருவிக் கேட்கிறவளும் அல்லள். அவள் எழுதிய நிரல்தான் ஓயாமல் கேள்வி கேட்டது.

டயர்க் கடைக்கு மேலே, ரப்பர் வாடை மாடிப்படி ஏறி வரும் இரண்டு அறைகளில் அவர்கள் வேலை செய்தார்கள். பிறர் கைகழுவிவிட்ட பழைய கணினிகளுக்கென்று ஓர் இயங்குதளத்தை உருவாக்குவதே அவர்கள் தொழில். அதில் கேள்வியம்மாவின் பொறுப்பு நிறுவி. இயங்குதளத்தை ஒரு குடித்தனம் என்று வைத்துக்கொண்டால், நிறுவி என்பது சாமான்களை வண்டியிலிருந்து இறக்கி, வீட்டுக்குள் கொண்டுபோய் அடுக்கிவைக்கிற ஆள். காரியம் முடிந்தபின் அவனை யாரும் நினைப்பதில்லை. ஏதேனும் உடைந்திருந்தால் மட்டும், "எங்கே அந்த ஆள்?" என்று தேடுவார்கள்.

அவளுடைய நிறுவி மொழி எது, ஊர் எது, கடிகாரம் சரியா, விசைப்பலகை எந்த வகை, பெயர் என்ன, கடவுச்சொல் என்ன, எந்த வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்க்கில், ஏற்றுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். பின்பு, "இவற்றையெல்லாம் செய்யப்போகிறேன், சம்மதமா?" என்று ஒரு தொகுப்புப் பக்கத்தைக் காட்டும். அந்தச் சம்மதம் கிடைக்கும்வரை வட்டின்மேல் ஓர் எழுத்தைக்கூட எழுதாது. தொகுப்புப் பக்கம் அவளுக்குப் பெற்ற பிள்ளை மாதிரி.

எதிர் மேசைக்காரனுக்கு இதெல்லாம் வேப்பங்காயாகக் கசந்தது. ஒரே பக்கம், ஒரே பொத்தான் என்பது அவன் கட்சி. அதனால் அவன் பெயர் பொத்தான்.

"இன்ஸ்டாலரா இது, போலீஸ் விசாரணையா? பேரு, ஊரு, மணி, மொழி... தாத்தா பேரு ஒண்ணுதான் பாக்கி" என்பான்.

"கேக்காம செஞ்சுட்டு அப்புறம் பல்லைக் காட்டறது உன் வழக்கம். நான் கேட்டுட்டுச் செய்யறேன்" என்பாள் அவள்.

பொத்தானும் ஒரு நிறுவியை எழுதி வைத்திருந்தான். அதில் 'தொடங்கு' என்பதை அழுத்திய கணமே வட்டு முழுவதும் துடைக்கப்பட்டு, கோப்புகள் இறங்கத் தொடங்கிவிடும். அவை இறங்கிக்கொண்டிருக்கும்போதே பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும்.

"பேரை டைப் அடிச்சு முடிக்கறதுக்குள்ள பாதி வேலை முடிஞ்சிடும். மனுஷனோட நேரத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"பாதி வேலை முடிஞ்சப்புறம் 'ஐயோ, வேண்டாம்'னு சொன்னா?"

"யாரு சொல்லப்போறாங்க?"

"அதானே எனக்கும் தெரியல!"

அந்தத் தெரியாமைதான் அவளுடைய இன்பம். பயணச்சீட்டு இயந்திரத்தின் முன்னே நிற்பவர்களைத் தூணோரமாக ஒதுங்கி நின்று பார்ப்பாள். ஒரு திரையைக் கண்டதற்கும் விரல் அசைவதற்கும் இடையே மனிதர் மனத்தில் என்ன நிகழ்கிறது? கேட்டால் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் அது உண்மையாயிராது. "உன்னை ஒரு நாள் பிக்பாக்கெட்னு பிடிச்சுட்டுப் போகப்போறாங்க" என்பது அவள் கணவன் அடிக்கடி சொல்லும் எச்சரிக்கை.

அடுத்த வெளியீட்டில் யாருடைய நிறுவியைச் சேர்ப்பது என்ற வழக்கு முற்றியபோது, குழுத் தலைவி இருவரையும் அழைத்தாள்.

"வாயால அடிச்சுக்கிட்டது போதும். வெளியாள் ஒருத்தர் தன்னோட சொந்தக் கம்ப்யூட்டர்ல போடட்டும். முதல்ல கேள்வியம்மாவோடது, அப்புறம் பொத்தானோடது. ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து பாருங்க."

"ஒரு நிபந்தனை" என்றாள் கேள்வியம்மா. "கூரை இடிஞ்சு விழுந்தாலும் பாக்கறவங்க வாயைத் திறக்கக் கூடாது. போன தடவை இவன் 'அதில்ல, கீழ இருக்கறது, கீழ இருக்கறது'ன்னு கத்தி எல்லாத்தையும் கெடுத்தான்."

பொத்தான் உதட்டின்மேல் விரல் வைத்துத் தலையாட்டினான்.

வெளியாளைத் தேடி அலையவேண்டிய தேவை இருக்கவில்லை. கேள்வியம்மாவின் நாத்தனார், அவள் கணவனுடைய தங்கை, பல் செட்டுகள் செய்யும் பட்டறை வைத்திருந்தாள். மருத்துவமனைகளிலிருந்து வரும் வாய் அளவுகளைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு பல்லாக உருத்திருத்தி, பிறகு இயந்திரத்தில் கடைந்தெடுப்பது அவள் வேலை. அந்தக் கணினி நத்தையாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

"அண்ணி, உங்க சரக்கைப் போட்டுத் தரேன், போட்டுத் தரேன்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்க. இது திறக்கறதுக்குள்ள நான் ஒரு செட்டைத் தேய்ச்சு முடிச்சிடறேன்" என்று தொலைபேசியில் அலுத்துக்கொண்டாள் அவள்.

"சனிக்கிழமை வர்றோம். ஆனா நீதான் போடணும். நாங்க சும்மா பாப்போம். வேலையெல்லாம் காப்பி எடுத்து வச்சிருக்கியா?"

"எல்லாம் பத்திரமா இருக்கு. நான் என்ன சின்னக் குழந்தையா?"

சனிக்கிழமை காலையில் அவர்கள் போனபோது பட்டறையில் வெள்ளை மாவு படியாத இடமே இல்லை. அலமாரித் தட்டுகளில் யார் யாருடையவோ தாடைகள் வரிசையாக அமர்ந்து சிரித்துக்கொண்டிருந்தன. நாத்தனார் கையிலிருந்த இளஞ்சிவப்பு மெழுகை வழித்துப் போட்டுவிட்டு வந்தாள்.

"என்ன அண்ணி, வாயைத் திறக்க மாட்டீங்களாமே? எங்க அண்ணன் கேட்டா, தினமும் இந்தப் பரீட்சையை வீட்டுல வையின்னு சொல்வார்."

"உங்க அண்ணன்தான் முதல்ல பேசறவர். அது இருக்கட்டும், அந்த டிரம்பெட்காரர் பல்லு என்ன ஆச்சு?"

நாத்தனாரின் முகம் மலர்ந்தது. டிரம்பெட் வாசிக்கும் ஒருவர் முன்வரிசைப் பற்களை விபத்தில் இழந்திருந்தார். சாப்பிடவும் பேசவும் ஏற்ற பல்லை யாரும் செய்துவிடலாம். ஊதுவதற்கேற்ற பல் அப்படியன்று; உதடு பதியும் இடத்தில் மயிரிழை தவறினாலும் காற்று கசிந்து, இசைக்குப் பதிலாகச் சீறல்தான் வரும்.

"மாத்தி மாத்திச் செதுக்கி, இப்பத்தான் காத்து ஒழுகாம நிக்குது. திங்கட்கிழமை கடைஞ்சு குடுக்கணும். அடுத்த வாரம் மேடையேறப்போறார். இந்த அளவு மட்டும் போச்சுன்னா, மறுபடி மெழுகு வச்சு முதல்லேருந்து ஆரம்பிக்கணும். மனுஷன் அழுதுடுவார், நானும் கூட உக்காந்து அழுவேன்."

பொத்தான் ஓர் ஓரத்து முக்காலியில் அமர்ந்தான். கேள்வியம்மா நாத்தனாரின் தோளுக்குப் பின்னே, திரையும் விரல்களும் ஒருசேரத் தெரியும்படி நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். "மனசுல தோணறதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய். நாங்க பதில் சொல்ல மாட்டோம்" என்பதே அவள் கடைசியாகச் சொன்னது.

முதல் பக்கத்தை நாத்தனார் பயபக்தியோடு படித்தாள். தலைப்பு, அடிக்குறிப்பு, மூலையிலிருந்த பதிப்பு எண் வரை ஒன்றையும் விடவில்லை. "மொழி. ம், தமிழ். அடுத்து. ஊரு... இதுவே கண்டுபிடிச்சு வச்சிருக்கே, அப்புறம் எதுக்கு என்னைக் கேக்குது? அடுத்து. கீபோர்டு வகையா? கறுப்பு! ஒரு படம் போட்டிருக்கக் கூடாதா அண்ணி? சரி, மேல இருக்கறதே இருக்கட்டும். அடுத்து."

கேள்வியம்மா வியப்புடன் கவனித்தாள். முதற்பக்கத்தில் நாற்புறமும் உலாவிய கண்கள், கடிகாரப் பக்கத்துக்கு வந்தபோது ஓரிடத்திலேயே நின்றன. 'அடுத்து' என்னும் பொத்தான் வலக்கோடியில் எந்த இடத்தில் தோன்றும் என்பதை அவை கற்றுக்கொண்டுவிட்டன. விரலோ, பக்கம் வருமுன்னரே அங்கே போய்க் காத்திருந்தது. பெயருக்கும் கடவுச்சொல்லுக்கும் சற்றே தயங்கி, மீண்டும் தன் இருப்பிடத்துக்கு ஓடிற்று.

வட்டுப் பக்கம் வந்தது. 'இந்த வட்டு முழுவதும் அழிக்கப்படும்' என்று தடித்த எழுத்தில் இருந்தது.

"அழிக்கட்டும், அழிக்கட்டும். அந்தக் குப்பை போனாத்தான் விடிவு. அடுத்து" என்றாள் நாத்தனார். "நம்ம பொருளெல்லாம்தான் டி டிரைவுல பத்திரமா இருக்கே."

கேள்வியம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவள் பொத்தானைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். அவன் விழிகள் பிதுங்கிவிடும்போல் இருந்தன. ஆயினும் உதடுகளை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தான். கூரை இடிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாதென்றவள் அவள். அவளே திறக்கட்டும் என்று அவன் இருந்தான். போன முறை வாங்கிக் கட்டிக்கொண்டவன் இவன். எனினும் இப்போதாவது கத்தமாட்டானா என்று அவள் இருந்தாள். திரையில் தொகுப்புப் பக்கம், அவள் பெற்ற பிள்ளை, தோன்றியது. நாத்தனாரின் கண்கள் அதன்மேல் கால்பாவவும் இல்லை. விரல் வலக்கோடிக்குச் சென்றது.

கேள்வியம்மா பாய்ந்து அந்தக் கையைப் பற்றினாள்.

"தொடாதே!"

"ஐயோ, என்ன அண்ணி? பேச மாட்டேன்னீங்க, இப்பக் கையையே பிடிக்கறீங்க!"

"டி டிரைவ் வேற டிஸ்க் இல்லம்மா. ஒரே பீரோ, நடுவுல ஒரு பலகை அடிச்சு மேல்தட்டு சி, கீழ்த்தட்டு டின்னு பேரு வச்சிருக்கு. இது பீரோவையே காலி பண்ணும்."

நாத்தனார் கையை உருவிக்கொண்டாள். அலமாரியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். பிறகு அவள் கேட்ட கேள்வி பல்லைப் பற்றியது அன்று.

"நான் டின்னு சொன்னப்பவே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சா?"

கேள்வியம்மா தலையசைத்தாள்.

"இவருக்கும்?"

பொத்தானும் தலையசைத்தான்.

"தெரிஞ்சும் ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. இவரை விடுங்க, நீங்களுமா அண்ணி?"

"தப்புத்தான். கடைசியில பிடிச்சேனே..."

"வீட்டுக்கு வீடு நீங்க போய்க் கையைப் பிடிப்பீங்களா? உங்க மிஷின் பேரைக் கேட்டுது, மணியைக் கேட்டுது, கீபோர்டு ஜாதகத்தையே கேட்டுது. என்கிட்ட எது போகப்போகுதுன்னு மட்டும் சொல்லவே இல்லையே!" அவள் நிறுவி இருந்த பென் டிரைவைப் பிடுங்கிக் கேள்வியம்மாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "அதைச் சொல்லக் கத்துக்கிட்டப்புறம் கொண்டாங்க. அதுவரைக்கும் என் நத்தையே எனக்குப் போதும்."

பொத்தானின் பென் டிரைவ் அவன் சட்டைப் பையைவிட்டு வெளியே வரவேயில்லை. வந்திருந்தால், முதல் அழுத்திலேயே கதை முடிந்திருக்கும் என்பதை அவன் அறிவான். திரும்பும் வழியெல்லாம் அவன் ஒரு கேலிகூடப் பேசாமல் வந்ததே அதற்குச் சாட்சி.

திங்களன்று கேள்வியம்மா, கோப்புகள் நிறைந்த தன் வீட்டுப் பழைய கணினியை அலுவலகத்துக்குத் தூக்கிவந்தாள். அன்றைய பதற்றத்தில் தானும் படிக்காத தொகுப்புப் பக்கம் நாத்தனாருக்கு என்ன காட்டியது என்று பார்க்கவேண்டும் என்ற ஆவல் அவளை இரண்டு நாளாக அரித்துக்கொண்டிருந்தது. தலைவியும் பொத்தானும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு எட்டிப்பார்த்தார்கள். திரையில் இருந்தவை: 'பகுதி ஒன்று, பகுதி இரண்டு', அவற்றுக்கு எதிரே சில சுருக்கெழுத்துகள், சில எண்கள். மனிதர் படிப்பதற்கான ஒரு சொல்லும் இல்லை.

"இதுவா உன் தொகுப்புப் பக்கம்? நான் பாத்தது இப்படி இல்லையே!" என்றாள் தலைவி.

"நாம யாரும் இதைப் பாத்ததே இல்ல" என்றாள் கேள்வியம்மா மெதுவாக.

உண்மை அதுதான். நாளெல்லாம் அவர்கள் நிறுவிப் பார்த்தவை புத்தம்புதிய, வெற்று வட்டுகள். சோதனைக்காகவே உண்டாக்கி, சோதனை முடிந்ததும் எறிந்துவிடுகிற வட்டுகள். அவற்றில் 'வட்டு காலியாக உள்ளது' என்னும் அழகான வரிதான் எப்போதும் வரும். இழப்பதற்கு ஏதேனும் உள்ள கணினியில் தங்கள் நிறுவியை அவர்களில் ஒருவரும் ஓட்டிப் பார்த்ததில்லை.

அவளை அதைவிட உறுத்தியது வேறொன்று. நாத்தனார் கவனமில்லாதவள் அல்லள். மயிரிழை பார்த்துப் பல் செதுக்குகிறவள். அவளுடைய விரலைக் கண்ணில்லாமல் ஓடப் பழக்கியது யார்? அக்கறையோடு கேட்கப்பட்ட அத்தனை கேள்விகளுந்தாம். அற்பமானவற்றை வரிசையாகக் கேட்டுக் கேட்டு, அவசியமான ஒன்றைக் கேட்கும்போது காது மரத்துப்போகும்படி கேள்வியம்மாவே செய்துவிட்டாள்.

"மொழியை மட்டும் கேக்கலாம். பேரு, கடவுச்சொல், கடிகாரம் எல்லாம் ஏத்தி முடிச்சப்புறம் கேட்டா போதும். அழிக்கறதுக்கு முன்னால ஒரே பக்கம்" என்றாள்.

"ஆக நான் ஜெயிச்சேன்!" என்று மேசையைத் தட்டினான் பொத்தான்.

"பொறு. அந்தப் பக்கம் திரையில நிக்கற வரைக்கும் வட்டுல கை வைக்கக் கூடாது. உன்னோட 'முன்கூட்டியே ஆரம்பிக்கறது' போச்சு."

அவன் முகம் விழுந்தது. ஆனால் வாதாடவில்லை.

அந்தப் பக்கம் என்ன காட்டவேண்டும் என்பதில் ஒரு வாரம் ஓடியது. ஒரு கணினியில் கோப்புகள் கடல்போலக் கிடக்கின்றன. காட்ட இடமோ உள்ளங்கையளவு. மிகப் பெரியவற்றைக் காட்டினால் திரைப்படங்களே நிறைந்தன. மிகப் புதியவற்றைக் காட்டினால், கணினி தானே தனக்கு எழுதிக்கொள்ளும் குறிப்புகள் முண்டியடித்தன. அவற்றைச் சலித்தெடுத்து, மனிதர் கையால் கடைசியாக மாற்றியவற்றை மட்டும் காட்டும்படி செய்து, பொத்தானின் சொந்தக் கணினியிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். முதல் வரியில் 'காதல் கவிதை, திருத்தியது' என்று வந்தது.

"யாருக்குப்பா?" என்றாள் தலைவி.

"என் மனைவிக்குத்தான்!"

"அவங்களுக்குத் தெரியுமா?"

"இன்னும் திருத்திக்கிட்டு இருக்கேன்." காது சிவக்கத் திரையைக் கையால் மறைத்தான். "பாத்தீங்களா? பக்கத்துல நிக்கறவங்க எல்லாம் படிக்கறாங்க. இது வேணுமா?"

அதுவும் நியாயமே. மறைத்துவைத்தால் காப்பாற்ற முடியாது. காட்டினால் மானம் போகும். கவிதை போவதைவிட மானம் போவது மேல் என்று கடைசியில் அவனே தீர்ப்புச் சொன்னான்.

வேறொரு சங்கடமும் எழுந்தது. பிற இயங்குதளங்கள் எழுதிய வட்டுப் பகுதிகளைப் படிக்கக் கூடுதல் நிரல்கள் வேண்டும். அவற்றையும் சேர்த்தால், பழைய கணினிகளின் சிறிய நினைவகத்தில் நிறுவி அடங்காது. எதையாவது இறக்கியாகவேண்டும். பொத்தான் ஆசை ஆசையாக வரைந்த வரவேற்புக் காட்சி ஒன்று இருந்தது: கடலுக்கு மேலே சூரியன் மெல்ல எழும். ஒரு பகல் முழுதும் அதைத் தொடாமல் மற்றவற்றையெல்லாம் சுரண்டிப் பார்த்தான். மாலையில், "விடியாட்டிப் பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுத் தானே அழித்தான்.

ஆயினும் வட்டைப் படிக்க நேரம் பிடித்தது. பழைய வட்டுகள் முனகிக்கொண்டே படித்தன.

"காத்திருக்கறவன் திட்டுவான்" என்றான்.

"திட்டட்டும். அழறதுக்கு அது தேவலை" என்றாள் தலைவி.

நாத்தனாரைச் சம்மதிக்கவைப்பது எளிதாயில்லை. டிரம்பெட்காரரின் மேடை இதற்குள் ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தது. பல்லும் இன்னும் கடையப்படவில்லை. இரண்டு முறை மறுத்து, மூன்றாம் முறை, "வாங்க. ஆனா இந்தத் தடவை நான் உங்களை நம்பல, என்னைத்தான் நம்பறேன். சியும் காலி, டியும் காலி. என் வேலை அத்தனையும் வெளியில ஒரு டிஸ்க்குல ஏத்தி, பூட்டிச் சாவியையும் இடுப்புல சொருகியாச்சு" என்றாள்.

இதைக் கேட்ட தலைவி உதட்டைப் பிதுக்கினாள். "அப்போ அந்தப் பொண்ணுகிட்ட இழக்கறதுக்கு ஒண்ணும் இல்லையே. சோதனை எப்படிச் செல்லும்?"

கேள்வியம்மாவுக்கும் அதே ஐயம். இருந்தாலும் போனாள்.

மறுபடியும் அதே முக்காலி, அதே நாற்காலி. நாத்தனார் மொழியைத் தேர்ந்தெடுத்தாள். வட்டு முனகிற்று. "என்ன, தூங்கிடுச்சா?" என்று இரண்டு முறை கேட்டாள், ஒருவரும் பதில் சொல்லவில்லை. பின்னர் அந்தப் பக்கம் வந்தது. 'இவை இந்தக் கணினியிலிருந்து மறைந்துவிடும். திரும்பப் பெற இயலாது' என்பதன் கீழே சில வரிகள்.

அவள் விரல் 'அழித்து நிறுவு' என்பதை நோக்கிச் சென்றது. பாதிவழியில் நின்றது.

"டிரம்பெட் மேல்வரிசை... கடைசியாக மாற்றியது, நேற்று மாலை." அவள் முகத்தைத் திரைக்கருகே கொண்டுபோனாள். "நேத்து சாயந்திரமா? நான்தான் எல்லாத்தையும் காலி பண்ணிட்டேனே. இது எங்கேருந்து வருது?"

கீழே சிறிய எழுத்தில் இடம் குறித்திருந்தது. அவள் எழுத்தெழுத்தாகப் படித்தாள். அது அவளுடைய கோப்புறையே அன்று. பல் செதுக்கும் மென்பொருள் தன் வயிற்றுக்குள் தானே வைத்திருந்த ஒரு கோப்புறை.

"நேத்து அவர் வந்து ஊதிப் பாத்தாரு. உதட்டுப் பக்கம் ஒரு துளி எடுத்தேன். சேமின்னுதான் அமுக்கினேன்..." குரல் தாழ்ந்தது. "இது திருத்தத்தையெல்லாம் தனியா உள்ளயே வச்சுக்குதா? அப்போ நான் பூட்டி வச்சிருக்கற டிஸ்க்குல இருக்கறது பழைய பல்லா?"

அவள் திரும்பி இருவரையும் பார்த்தாள்.

இம்முறை கேள்வியம்மா வாயைக் கட்டுப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. சொல்வதற்கு அவளிடம் ஒன்றுமே இருக்கவில்லை. அந்த மென்பொருள் இப்படி ஒளித்துவைக்கும் என்பது அவளுக்கும் தெரியாது, பொத்தானுக்கும் தெரியாது. பேச அனுமதி இருந்திருந்தாலும், கையைப் பிடிக்கும் தூரத்தில் இருந்தும், இருவரும் சிரித்த முகத்தோடு அந்தப் பல்லை அழியவிட்டிருப்பார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் ஊமையாவே இருங்க, நானே பாத்துக்கறேன்" என்று நாத்தனார் 'இப்போது வேண்டாம்' என்பதை அழுத்தினாள். பென் டிரைவை எடுத்துவிட்டு, நத்தையை மறுபடி எழுப்பி, மென்பொருளின் வயிற்றுக்குள் புகுந்து, இருந்தவற்றையெல்லாம் வாரி வெளிவட்டில் கொட்டினாள். அங்கிருந்தே டிரம்பெட் பல்லைத் திறந்து, உதட்டுப் பக்கத்தைப் பெரிதாக்கி, நேற்று எடுத்த அந்தத் துளி அங்கே இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு பென் டிரைவைச் செருகி, மறுபடி மொழியைத் தேர்ந்து, மறுபடி முனகலைப் பொறுத்து, அந்தப் பக்கத்தை முதல்வரியிலிருந்து கடைசிவரி வரை படித்தாள். மறைந்துவிடும் என்று சொன்ன ஒவ்வொன்றுக்கும், "போ... நீயும் போ" என்று விடைகொடுத்தபின் அழுத்தினாள்.

வட்டின் விளக்கு மினுக்கத் தொடங்கிற்று.

பொத்தான் பெருமூச்சு விட்டான். கேள்வியம்மாவோ நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டிருந்தாள்.

"கேளுங்க அண்ணி. தொண்டை வரைக்கும் வந்து நிக்குது, தெரியுது."

"கை பாதியில நின்னுச்சே, அப்போ உன் கண்ணுல முதல்ல பட்டது எது? பேரா, நேத்துங்கறதா?"

நாத்தனார் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், கண்ணை மூடி, விரலைக் காற்றில் பாதிவழி கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தாள்.

"தெரியல அண்ணி. பல்லுதான் தெரிஞ்சுது."

"அதுல படமே இல்லையே!" என்றான் பொத்தான்.

"இல்லதான்" என்றாள் அவள்.

கேள்வியம்மா அவ்விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.